உஷார்! ஐஸ் ஸ்கேட்டிங் ஆசையில் பிள்ளையை லாரிச் சாலையில் இறக்காதீர்கள்

சிப்காட் தொழிற்பேட்டை உள்சாலையில் ஞாயிறு காலை ஸ்கேட்டிங் வகுப்பு என்று யாராவது உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். பணம் கட்டியிருந்தாலும் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் காக்களூர் பக்கம் குடியிருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்துக்கு முன்பு சாலை கொஞ்சம் காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளைச் சக்கரக் காலணியோடு தார்ச்சாலையில் வரிசையாக விட்டிருந்தார்கள். பயிற்சியாளர் முன்னால் ஸ்கூட்டரில் போகிறார். பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் இழுபட்டு வருகிறான். தலையில் ஹெல்மெட் இருக்கிறது, தாடைப்பட்டி போடவில்லை. ஓரமாக நின்ற அப்பா ஒருவர் பெருமையோடு வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார். ‘ஏங்க இங்கே?’ என்று கேட்டேன். ‘ஐஸ் ஸ்கேட்டிங் சார். முதல்ல சக்கரத்துல பழகிட்டா அப்புறம் ஐஸ்ல ஈஸியாம்’ என்றார்.

அவரிடம் சொல்லப்பட்டதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சக்கரத்தில் தொடங்கிப் பனிக்குப் போவது உலகமெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவின் எரின் ஜாக்சன், பனி அபூர்வமாகவே விழும் புளோரிடா மாநிலத்தின் ஒக்காலா ஊர்க்காரர். இன்லைன் ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர், பிறகுதான் ஐஸுக்கு மாறினார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் அவருக்கு. பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸும் இன்லைன் உலக சாம்பியனாக இருந்தவர். அதே பெய்ஜிங்கில் மாஸ் ஸ்டார்ட் போட்டியில் தங்கம் வென்றார். இங்கேயோ, நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரிலும் மாரத்தானிலும் தங்கம் வென்றபோது ஊரே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பு 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள், பெண்கள் இரண்டு ரிலே அணிகளும் வெண்கலம் வாங்கி வந்தன. பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார்கள். இதையெல்லாம் டிவியில் பார்த்த பிள்ளை ‘எனக்கும் வேணும்’ என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. கேட்கட்டும். நல்ல ஆசைதான்.

ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் இல்லை, ஐஸ் ஸ்கேட்டிங் இருக்கிறது. அதனால் ‘ஒலிம்பிக்’ என்ற சொல்லைக் காட்டி வகுப்பு நடத்துகிறவர்கள் ‘ஐஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சர்வதேச அளவிலான உள்ளரங்கப் பனித்தளம் இந்தியாவில் டேராடூனில் இருக்கிறது. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது. பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மறுபடி ஓடத் தொடங்கி, அந்த ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டி அங்கே நடந்தது. குருகிராமில் ஒரு மாலுக்குள் சிறிய தளம் உண்டு. ஷிம்லாவில் 1920 முதல் குளிர்காலத்தில் திறந்தவெளியில் இயற்கையாக உறையும் தளம். லேயில் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடக்கும் தளம். கும்மிடிப்பூண்டியிலிருந்து டேராடூன் போக ஏறக்குறைய இரண்டு நாள் ரயில் பயணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேளிக்கைப் பூங்காவுக்குள் இருக்கும் பனி உலகத்தைக் காட்டி ‘அங்கே கூட்டிப்போய்ப் பழக்குவோம்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே இருப்பது விளையாடுவதற்கான பனித்தூள். கத்தி கட்டிய காலணியோடு ஓட, வழுவழுவென்று இறுகிய பனிப்பலகை வேண்டும். இரண்டும் வேறு வேறு. மால்களில் சில சமயம் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளை ஒட்டிப் போட்டு ‘ஐஸ் ரிங்க்’ என்று பலகை வைக்கிறார்கள். அதில் நிற்கவும் நடக்கவும் பழகலாம், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் பிளாஸ்டிக்கில் உராய்வு அதிகம், கத்தியும் சீக்கிரம் மழுங்கும். அதில் நன்றாக நிற்கிற பிள்ளை உண்மையான ஐஸில் இறங்கிய முதல் நிமிடமே மல்லாந்து விழலாம். ஐஸுக்கான கட்டணம் கேட்கிறார்கள் என்றால், முதலில் குனிந்து தரையைத் தொட்டுப் பாருங்கள்.

ஆக, இந்த வட்டாரத்தில் ‘ஐஸ் ஸ்கேட்டிங்’ என்று சேர்க்கப்படும் பிள்ளை, நடைமுறையில் சாலையில்தான் இறங்குகிறது. எந்தச் சாலை என்று யோசியுங்கள்.

கொல்கத்தா நெடுஞ்சாலை நம் வாசலில் ஓடுகிறது. எளாவூர் சோதனைச்சாவடி தாண்டி ஆந்திராவிலிருந்து வரும் சரக்கு எல்லாம் அந்த வழிதான். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் கூட்டுச்சாலை வழியாக ஏறி இறங்குகின்றன. சிப்காட் உள்ளே இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளுக்கு ஸ்கிராப் ஏற்றிய லாரிக்கு ஞாயிறு, திங்கள் என்று எதுவும் கிடையாது. உலை ஓடுகிற வரைக்கும் வண்டி வரும்.

பெத்திக்குப்பம் பக்கம் டீக்கடையில் நின்றிருந்த டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னது அப்படியே: ‘இடது பக்கம் கேபினை ஒட்டி ஒரு சின்னப் புள்ள நின்னா எனக்குத் தெரியாது சார். கண்ணாடியிலயும் விழாது. கிளீனர் இருந்தா சத்தம் குடுப்பான். இப்ப நெறைய வண்டியில கிளீனரே கெடையாது.’ வளைவில் என்ன நடக்கும் என்பதையும் அவர் மேசையில் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டினார். முன்சக்கரம் போகிற வழியில் பின்சக்கரம் போகாது. டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாகச் சாலையோரத்தை அரைத்துக்கொண்டு வரும். பயிற்சியாளர்கள் ‘ஓரமா போ, ஓரமா போ’ என்று பிள்ளைகளை ஒதுக்குகிறார்களே, சரியாக அந்த ஓரத்துக்குத்தான் அந்தச் சக்கரம் வரும். லாரி முன்பகுதி தாண்டிப் போய்விட்டது, இனி ஆபத்து இல்லை என்று நினைத்து நகரும் பிள்ளைக்கு அது தெரியாது.

அடுத்து சாலையின் மேற்பரப்பு. இதை ஒருமுறை முட்டி போட்டு உட்கார்ந்து கையால் தடவிப் பாருங்கள். கம்பி ஆலைகளின் வாசலில் கருப்பாக மின்னும் இரும்புச் செதில், லாரியிலிருந்து சிந்திய கசடுக் கல், டீசல் சொட்டு, வெட்டுக் கம்பித் துண்டு எல்லாம் கையில் ஒட்டும். கார் டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிள்ளையின் ஸ்கேட்டில் இருப்பது உள்ளங்கை அளவுச் சக்கரம், சின்ன அளவு என்றால் அதைவிடவும் குறைவு. சுண்டைக்காய் அளவுக் கல் ஒன்று முன்சக்கரத்துக்கு அடியில் மாட்டினால் கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 4 மீட்டருக்கு மேல். கொஞ்சம் பழகிய பிள்ளை இந்த வேகத்தைச் சுலபமாகத் தொடும். விழுகிற இடம் அவனுடைய விருப்பத்தில் இல்லை. எதிரே வரும் வண்டியின் பாதையிலும் விழலாம்.

மூச்சு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலைப் புகை இறங்கி நிற்கும் அதிகாலையில், வாய் திறந்து மூச்சு வாங்க ஓடும் சிறு பிள்ளை எவ்வளவு தூசியை உள்ளே இழுக்கும் என்பது இந்த ஊரில் துணி காயப்போடுகிற எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் எங்கே பழக்குவது? வண்டி நுழையவே முடியாத, சுற்றிலும் தடுப்புள்ள, வழவழப்பான சிமெண்டுத் தளம் வேண்டும். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் கூடைப்பந்துத் தளம் இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் அதைத் தரச் சொல்லி நான்கு பெற்றோர் சேர்ந்து நிர்வாகத்திடம் போய்க் கேளுங்கள். தொடக்க நிலைக்கு அதுவே தாராளம். கொஞ்சம் தேறியபின் சென்னை செனாய் நகர் ஸ்கேட்டிங் தளத்துக்குப் போகலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ பிடித்தால் செனாய் நகர் நிலையம் வந்துவிடும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. வாரம் ஒருமுறை அந்த அலைச்சலைப் பட முடியாது என்றால், இப்போதைக்குப் பிள்ளையை நீச்சலிலோ கபடியிலோ சேர்த்துவிடுங்கள். சிப்காட் சாலை மட்டும் மாற்று வழி ஆகாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடமும் ஆகாது. பின்னோக்கி வரும் காரின் உயரத்தைவிடப் பிள்ளையின் உயரம் குறைவு.

இடம் கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது ஆள். தரமான பயிற்சியாளரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுப்பு போதும். முதல் நாள் என்ன சொல்லித் தருகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள். விழக் கற்றுக்கொடுக்கிறாரா? ஸ்கேட் மாட்டாமலே புல்தரையில் முட்டியை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இடுப்புச் சதை தரையில் படும்படி சாயச் சொல்வார். கையை விரித்து ஊன்றாதே, முஷ்டியாக மடக்கி நெஞ்சோடு வை என்பார். பிறகு எழுந்திருக்கச் சொல்லித் தருவார்: மண்டி போட்டு, ஒரு காலை ஊன்றி, இரண்டு கையையும் அந்த முட்டியில் அழுத்தி எழு. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். பிள்ளைக்குச் சலிக்கும். பார்க்கிற உங்களுக்கும் சலிக்கும். அப்படிச் சலிக்க வைக்கிறவரிடம் விடுங்கள். முதல் நாளே கையைப் பிடித்து வேகமாக ஓட்டிக் காட்டி ‘பாருங்க, உங்க பையன் எவ்வளவு ஷார்ப்’ என்று சொல்கிறவரிடம் விடாதீர்கள். இரண்டாவது வகுப்புக்குள் நிற்கச் சொல்லித் தராவிட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத பிள்ளை பிரேக் இல்லாத சைக்கிள்.

பிரேக் என்றதும் ஒரு விஷயம். தொடக்கக்காரர்களுக்கான இன்லைன் ஸ்கேட்டில் வலது குதிகாலுக்குப் பின்னால் ரப்பர் பிரேக் ஒன்று இருக்கும். ‘ரேஸ் ஓடுறவங்க இதை வெச்சுக்க மாட்டாங்க’ என்று சொல்லி அதைக் கழற்றி விடுகிறார்கள். கழற்ற விடாதீர்கள். போட்டிக்காரர்கள் அதைக் கழற்றுவது வருடக்கணக்கில் காலைத் திருப்பி நிற்கப் பழகிய பிறகு. அதேபோல, நம் ஊரில் பெரும்பாலும் முதலில் வாங்கித் தருவது ‘டெனாசிட்டி’ என்று சொல்லும் நான்கு சக்கர ஸ்கேட். நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அண்ணனுக்குப் பிறகு தம்பி போடலாம் என்று வாங்குகிறோம். அதன் அடியில் நீளத்தைப் பிடித்து வைக்கும் நட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓட்ட அதிர்வில் அது தளரும். தளர்ந்தால் முன்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் நழுவிவிடும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பு ஸ்பேனரால் ஒரு திருகு திருகிப் பார்ப்பது அப்பா அம்மாவின் வேலை. வளரும் பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக ஷூ வாங்குவதும் வேண்டாம். கால் உள்ளே ஆடினால் கணுக்கால் மடங்கும்.

மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். இதை நான் ஏதோ பயத்தில் சொல்லவில்லை. 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று, இன்லைன் ஸ்கேட்டிங்கில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்து நடந்தது. அதில் மிக அதிகமாக அடிபட்டிருந்த உறுப்பு மணிக்கட்டு. காப்பு போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு, போட்டவர்களைவிட 10 மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். முழங்கைக் காப்புக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வித்தியாசம். செட்டாக விற்கும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளில் மணிக்கட்டுக் காப்பைத்தான் பிள்ளைகள் அசௌகரியம் என்று முதலில் கழற்றி எறிவார்கள். உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து வாங்குங்கள். வெறும் துணி என்றால் அது காப்பே இல்லை.

ஹெல்மெட் விஷயத்தில் அப்பாவின் பைக் ஹெல்மெட் ஆகாது. அதன் கனத்தைத் தாங்கும் அளவுக்குச் சிறு பிள்ளையின் கழுத்துக்குப் பலம் இல்லை, தலையிலும் அது சுற்றும். சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் பொருந்தும் இ.என். 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால் நல்லது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு நேராக உட்கார வேண்டும். தாடைப்பட்டியைப் பூட்டியபின் ஒரு விரல் நுழைந்தால் போதும். பெரிய அடி ஒன்று வாங்கிய ஹெல்மெட்டைப் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான்.

‘சாதனை’ வியாபாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங், வரிசையாக நிறுத்திய கார்களுக்கு அடியில் உடம்பைத் தரையோடு தரையாக்கி நுழைவது, மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றுவது, நெடுஞ்சாலையில் ஊர் விட்டு ஊர் விழிப்புணர்வுப் பயணம். எல்லாவற்றுக்கும் ஒரு சான்றிதழும் மெடலும் உண்டு, அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பும் முட்டியும் மணிக்கணக்கான ஒரே அசைவுக்குப் படைக்கப்பட்டவை அல்ல. உலக சாம்பியன் ஆனவர்கள் வந்த வழி வேறு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று, இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பும் அதன் தமிழ்நாட்டுச் சங்கமும் நடத்தும் போட்டிகள் வழியாக வந்தவர்கள். வகுப்பில் சேர்க்கும் முன்பு ‘எந்தச் சங்கத்தில் பதிவு இருக்கிறது, போன வருடம் எந்த மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பினீர்கள்’ என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சரி, பிள்ளை சக்கரத்தில் தேறிவிட்டது. விடுமுறைக்கு டெல்லி போகிறீர்கள், அல்லது துபாயில் மாமா வீடு, மலேசியாவில் சித்தி வீடு. அங்கே மாலுக்குள் பனித்தளம். ‘இவனுக்குத்தான் ஸ்கேட்டிங் தெரியுமே’ என்று டிக்கெட் வாங்கி உள்ளே விடுவீர்கள். அங்கேதான் அடுத்த உஷார்.

சக்கரத்தில் தேறிய பிள்ளைக்கு ஐஸில் தைரியம் இருக்கும், பிரேக் இருக்காது. குதிகால் ரப்பர் கிடையாது. ஐஸ் கத்தியின் அடிப்பகுதியை விரலால் கவனமாகத் தடவிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளமும் இரண்டு பக்கமும் இரண்டு கூர் விளிம்பும் தெரியும். அந்த விளிம்பைப் பனியில் சாய்த்துச் சீவித்தான் நிற்க வேண்டும். அது தனிப் பாடம். வாடகைக்குத் தரும் ஃபிகர் ஸ்கேட்டின் முன்நுனியில் ரம்பப் பல் போல வெட்டு இருக்கும். நான்கு சக்கர ஸ்கேட்டில் முன்னால் இருக்கும் ரப்பரை அழுத்தி நின்று பழகிய பிள்ளை, அதே நினைப்பில் இந்தப் பல்லை ஊன்றினால் முகம் குப்புற விழும். முதல் அரை மணி நேரம் தடுப்புச் சுவரை ஒட்டியே இருக்கட்டும். எல்லாரும் சுற்றும் திசையில்தான் போக வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது.

பனியில் பயம் விரல்களுக்கு. விழுந்த பிள்ளை கையை விரித்துப் பனியில் ஊன்றியபடி அழுதுகொண்டே கிடக்கும். பின்னால் வருகிறவர் காலில் இருப்பது கத்தி. விழுந்த உடனே கையைச் சுருட்டி முஷ்டியாக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொள் என்று வீட்டிலேயே பத்து தடவை சொல்லிக் கூட்டிப் போங்கள். முழுவிரல் கையுறை கட்டாயம். துப்பட்டா, தொங்கும் ஸ்கார்ஃப் கூடாது. பின்னலைக் கொண்டையாகக் கட்டிவிடுங்கள்.

ஹெல்மெட் வாடகைக்குக் கேட்டால் ‘தேவையில்லை’ என்று சிரிக்கிற தளமும் உண்டு. கனடாவில் பிறந்ததிலிருந்து பனியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கே, ஸ்கேட் கனடாவின் கேன்ஸ்கேட் தொடக்க வகுப்பில் ஐந்தாம் நிலை முடியும் வரை தரச்சான்று பெற்ற ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். ஸ்கார்பரோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பழகுகிறார்கள். பனியில் மல்லாந்து விழுவது சகஜம். பின்மண்டை நேராகக் கல் போன்ற பனியில் படும். கும்மிடிப்பூண்டியிலிருந்து போகிற பிள்ளைக்கு எதற்குக் கூச்சம்? கையோடு இங்கிருந்தே ஹெல்மெட்டை எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நாளைக்கே நம் பக்கத்தில் ஏதாவது ஒரு பழைய கிடங்கில் பனித்தளம் திறக்கலாம். இடம் மலிவு, மின்சாரம் இருக்கிறது, சென்னை பக்கம். திறந்தால் சந்தோஷம்தான். ஆனால் பனித்தளம் என்பது ஒரு குளிரூட்டும் ஆலை. தரைக்கு அடியில் நெடுகக் குழாய்கள் ஓடும், அவற்றில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரோ கிளைக்காலோ சுற்றும். அதைக் குளிர்விக்க உலகின் பல தளங்களில் அம்மோனியாதான் பயன்படுகிறது. காசிமேட்டில் மீனுக்குப் பாளம் போடும் ஐஸ் பேக்டரி நடக்கிற அதே முறை. அம்மோனியா என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள், பல பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்கு ஆறு வருடம் முன்பு, 2017 அக்டோபர் 17 அன்று, கனடாவின் ஃபெர்னி நகரத்துப் பனித்தளத்தில் குளிரூட்டியின் குழாயில் விழுந்த ஓட்டை வழியாக அம்மோனியா உப்புநீரில் கலந்து வெளியேறியதில் 3 பேர் இறந்தார்கள்.

பனியைச் சமன் செய்யும் வண்டி பெட்ரோலிலோ கேஸிலோ ஓடினால், காற்றோட்டம் இல்லாத கூடத்தில் அதன் புகையே விஷம். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பனி அரங்கில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து 80 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நிறமும் வாசனையும் இல்லாத வாயு. உள்ளே பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் களைப்பு என்று நினைக்காமல் எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கூட்டி வாருங்கள். புதிய தளத்தில் சேர்க்கும் முன்பு என்ன வாயு, கசிவு அறியும் கருவி எங்கே, அலாரம் அடித்தால் எந்தக் கதவு, சமன் செய்யும் வண்டி பேட்டரியா என்று கேளுங்கள். அம்மோனியா ஆலையிலும் கொதிகலன் அறையிலும் வேலை பார்க்கிற அப்பாக்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களைக் கூட்டிப் போனால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, அடிபட்ட பிறகு நாம் செய்யும் தப்பு. மணிக்கட்டு வீங்கினால் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறோம். இல்லையென்றால் நாட்டு வைத்தியக் கட்டுப் போட நேராகப் புத்தூருக்கு வண்டி கட்டுகிறோம். திருத்தணி தாண்டினால் புத்தூர், தலைமுறையாகப் போய்ப் பழகிய வழி, எனக்கும் தெரியும். ஆனால் வளரும் பிள்ளைக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலேதான் எலும்பு நீளுகிற மென்மையான பகுதி இருக்கிறது. அது நகர்ந்தோ நசுங்கியோ இருந்தால் வெளியே தெரியாது. சரியாக உட்கார வைக்காமல் கட்டினால் அந்தக் கை வளராமலோ கோணலாகவோ நின்றுவிடலாம். உருவக் கூடாது, இழுக்கக் கூடாது. ஒரு அட்டையையோ மரப்பட்டையையோ வைத்துத் துணியால் அசையாமல் கட்டி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு போய் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

தலையில் அடி என்றால் அன்று முழுக்க ஸ்கேட்டிங் கிடையாது, பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும். ஒரு வாந்திக்கு மேல் எடுத்தாலோ, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, எழுப்பினால் சரியாக எழாமல் சுருண்டாலோ, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல எதுவும் வடிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.